தோளைத் தொட்டுப் பார்க்கும் ஒரு நிமிடம்

அந்த எக்ஸ்ரே நிலையத்தில் அவருக்கென்று ஒரு பெயர் இருந்தது. ஆனால், அது வருகைப் பதிவேட்டில் மட்டுமே இருந்தது. வாசலில் வண்டிகளை ஒழுங்குபடுத்தும் காவலாளி முதல் நிலையத்தின் உரிமையாளர் வரை எல்லோருக்கும் அவர் ரிப்போர்ட் அக்கா. டாக்டர் படத்தைப் பார்த்து ஒலிப்பதிவுக் கருவியில் சொல்வதை ஹெட்போனில் கேட்டு, அதை அறிக்கையாகத் தட்டச்சு செய்து அனுப்புவது அவருடைய வேலை. அவருடைய காலடியில் ஒரு மிதி இருக்கும். அழுத்தினால் டாக்டரின் குரல் ஓடும்; காலை எடுத்தால் நின்றுவிடும். ஒரு டாக்டரைக் காலால் அடக்கி வைத்திருக்கிற ஆள் தாம் ஒருவர்தாம் என்று அவர் அவ்வப்போது சொல்லிச் சிரிப்பதுண்டு.

படம் பார்க்கும் இருட்டறைக்கும் பழைய படங்களை அடுக்கி வைக்கும் அறைக்கும் நடுவே, படிக்கட்டைப் பார்த்த ஒரே ஒரு சன்னலோடு அவருடைய அறை இருந்தது. மேசையின் இடப்பக்கம் அன்றைய சீட்டுகள். நோயாளியை அனுப்பிய மருத்துவர் எந்த உறுப்பை, எந்தப் பக்கம் படமெடுக்க வேண்டும் என்று எழுதித் தந்தவை. வலப்பக்கம் மடிக்கணினி. இருபத்திரண்டு ஆண்டுகளில் நாற்காலி இரண்டு முறை மாறியிருந்தது, டாக்டர் ஒரு முறை மாறியிருந்தார், மேசை மாறவில்லை.

எந்தப் பக்கம் இடம், எந்தப் பக்கம் வலம் என்பது அவருக்குச் சிறு வயதிலிருந்தே சட்டென்று பிடிபடாது. மற்றவர்களுக்கு அது மூச்சு விடுவதைப் போல வரும். அவருக்கோ, வலது மணிக்கட்டில் கதவிடுக்கில் நசுங்கிய தழும்பைத் தொட்டுப் பார்த்த பிறகுதான் வரும். ஆகவே, "வலது முழங்கால்" என்று எழுதியிருந்தால் முதலில் தழும்பையும் பிறகு தம் வலது முழங்காலையும் தொடுவார். "இடது இடுப்பு" என்றால் கை இடது இடுப்புக்குப் போகும். வரவேற்பில் இருந்த பெண் இதை ஒளிந்திருந்து பார்த்துவிட்டு, அக்கா உட்கார்ந்தபடியே நடனம் கற்றுக்கொள்கிறார் என்று நிலையம் முழுவதும் பரப்பிவிட்டாள்.

அவருடைய கணவர் ஓட்டுநர் பயிற்சிப் பள்ளியில் பயிற்றுநர், ஊருக்கு மாஸ்டர். இளம் வயதில் ரிப்போர்ட் அக்காவும் அவரிடம் வண்டி ஓட்டக் கற்றுக்கொள்ளப் போனவர்தாம். தேர்வன்று அதிகாரி வலப்பக்கம் திரும்பச் சொன்னபோது, இரண்டு கைகளும் சக்கரத்தில் இருந்ததால் தழும்பைத் தொட முடியாமல், இடப்பக்கமிருந்த ஒரு மரக்கடைக்குள் வண்டியை நிறுத்தினார். "என்கிட்ட கத்துக்கிட்டவங்கள்ல தேர்வுல தோத்தது நீ ஒருத்திதான். வெளியில தெரிஞ்சா பேரு கெட்டுடும்னுதான் உன்னையே கட்டிக்கிட்டேன்" என்று மாஸ்டர் முப்பது ஆண்டுகளாக அலுக்காமல் சொல்லி வந்தார்.

மடிக்கணினிக்கு ஒன்பது வயது. காலையில் அதன் பொத்தானை அழுத்திவிட்டு ரிப்போர்ட் அக்கா மேசையைத் துடைப்பார். தண்ணீர் பிடித்து வருவார். சீட்டுகளை எண் வரிசைப்படி அடுக்குவார். அதன் பிறகும் திரையில் அந்தச் சிறு வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கும். ஒலிப்பதிவைத் திறக்கும்போதும் ஒவ்வோர் அறிக்கையையும் சேமிக்கும்போதும் அதே வட்டம், அதே சுற்று. அனுப்புவதற்கு மட்டுமே ஒரு நிமிடமாவது ஆகும். சும்மா உட்கார அவருக்குப் பிடிக்காது. ஆகையால், அந்த ஒரு நிமிடத்தில் சீட்டைக் கையிலெடுத்துத் திரைக்குப் பக்கத்தில் பிடித்து, இரண்டையும் படித்துத் தழும்பைத் தொட்டு, தோளையோ முழங்காலையோ தொடுவார். எப்போதாவது சீட்டில் ஒரு பக்கமும் அறிக்கையில் மறுபக்கமும் இருந்தால், அனுப்புவதை நிறுத்திவிட்டு இருட்டறைக் கதவை மெல்லத் தட்டுவார்.

"டாக்டர், இத ஒரு தடவ பாருங்களேன்."

டாக்டர் பார்ப்பார், தலையசைப்பார், திருத்திச் சொல்வார். அதிகம் பேசாத மனிதர். நாளெல்லாம் இருட்டில் அமர்ந்து எலும்புகளைப் பார்க்கிறவர், சொல்லும்போது ஒரு முறை பக்கம் மாறிச் சொல்லிவிடுவது உலகத்தில் இல்லாத அதிசயமன்று. ரிப்போர்ட் அக்காவும் அதைப் பெரிதாக நினைத்ததில்லை. கதவைத் தட்டியதையும் மாலைக்குள் மறந்துவிடுவார்.

ஒரு மாதத் தொடக்கத்தில் உரிமையாளர் அவருடைய அறைக்கு வந்தார். நிலையத்தை நிறுவியவரின் மகன் அவர். பள்ளிச் சீருடையில் இந்த அறைக்கு வந்து காகிதமும் பென்சிலும் கேட்ட காலத்திலிருந்தே ரிப்போர்ட் அக்காவை அறிந்தவர். அதனாலேயே சொல்ல வந்ததைச் சொல்ல முடியாமல் சன்னலையும் சீட்டுகளையும் மாறி மாறிப் பார்த்தார். படமெடுத்த பிறகு அறிக்கைக்காக மக்கள் இரண்டு மணி நேரம் காத்திருக்கிறார்கள்; பக்கத்துத் தெருவில் திறந்திருக்கும் புதிய நிலையத்தில் அரை மணி நேரத்தில் கொடுத்துவிடுகிறார்கள்; ஒலிப்பதிவை அனுப்பினால் தட்டச்சு செய்து தரும் வெளி நிறுவனம் ஒன்று தம்மை நாடி வந்திருக்கிறது. இவ்வளவையும் சுற்றி வளைத்துச் சொல்லி முடித்தார்.

"இந்த மாசக் கடைசி வரைக்கும் பார்ப்போம்க்கா. சராசரி அரை மணி நேரத்துக்குள்ள வந்துட்டா ஒண்ணும் பிரச்சனை இல்ல. வரலைன்னா... நான் வேற என்ன செய்ய முடியும், நீங்களே சொல்லுங்க."

ரிப்போர்ட் அக்கா மடிக்கணினியைப் பார்த்தார். விரல்கள் மெதுவாக இல்லை. கணினிதான் மெதுவாக இருக்கிறது என்பது அவருக்குத் தெரியும். அதை இப்போது சொன்னால் சாக்குப் போக்கைப் போல இருக்கும். ஐம்பத்து நான்கு வயதில், கையில் இருக்கிற ஒரே தொழிலோடு வேறோர் இடத்தில் போய் நிற்பதை அவரால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. மடிக்கணினியைச் சரிசெய்ய எடுத்துச் செல்லலாமா என்று மட்டும் கேட்டார். உரிமையாளர் உடனே சம்மதித்தார்.

வீட்டில் மாஸ்டர் கேட்ட முதல் கேள்வி, அதற்கு எத்தனை வயது என்பது. இரண்டாவதாக ஒரு தீர்ப்புச் சொன்னார்: "வண்டி நல்ல வண்டிதான். இன்ஜின்ல ஏதோ ஒண்ணு கிழடாயிடுச்சு. அத மட்டும் மாத்து." தம்மிடம் ஓட்டக் கற்றுக்கொண்ட ஒரு பெண் கணினி பழுதுபார்க்கும் கடை வைத்திருப்பதாகவும், மரக்கடைக்குள் விடாமல் ஓட்டியவள் என்பதால் நம்பலாம் என்றும் சேர்த்துச் சொன்னார்.

மாடிப்படியின் அடியில் ஒரு கதவை வைத்தால் எவ்வளவு இடமோ அவ்வளவுதான் அந்தக் கடை. கடைக்காரப் பெண் நெற்றியில் விளக்கோடு கூடிய பூதக்கண்ணாடியை மாட்டியிருந்தாள். தெருவில் அவளுக்குப் பெயரே பூதக்கண்ணாடிதான். மாஸ்டரின் மனைவி என்று அறிந்ததும் முக்காலியைத் துடைத்துப் போட்டாள். மடிக்கணினியை இயக்கி, காதை அதன்மேல் வைத்துக் கேட்டாள். மருத்துவர் மார்பில் காது வைப்பதைப் போலவே இருந்தது.

"அக்கா, இதுக்குள்ள ஒரு தட்டு சுத்துது. அது மேல ஒரு ஊசி ஓடி ஓடித் தேடுது. ஒன்பது வருஷமா தேடித் தேடிக் களைச்சுப் போச்சு, பாவம். இத எடுத்துட்டு எஸ்.எஸ்.டி. போட்டுடலாம். அதுல சுத்துறதுக்கு ஒண்ணுமே இல்ல. கேட்ட உடனே எடுத்துக் குடுத்துடும்."

ரிப்போர்ட் அக்காவின் கவலை வேறு. மூன்றெழுத்தைத் தட்டினால் ஒரு முழு வாக்கியம் வந்து நிற்கும்படி அவர் ஒன்பது ஆண்டுகளாகச் சேர்த்து வைத்த சுருக்கங்கள் அந்தப் பழைய தட்டில்தான் இருந்தன. எலும்பு முறிவுக்கு நாற்பது, மூட்டுத் தேய்மானத்திற்கு அறுபது, நுரையீரலுக்குக் கணக்கில்லை. அவை போய்விட்டால் எந்தக் கணினியும் தம்மைக் காப்பாற்றாது என்று சொன்னார். ஒரு புள்ளிகூடக் குறையாமல் பழையதை அப்படியே புதியதில் பிரதி எடுத்துவிடலாம் என்று பூதக்கண்ணாடி உறுதி சொன்னாள்.

அடிப்பக்கத்துத் திருகாணிகளைக் கழற்றிய வரிசையிலேயே ஓர் ஒட்டுத்தாளில் பதித்து வைத்தாள். மூடியைத் திறந்தபோது காற்றாடியின்மேல் தூசி கம்பளித் துணியைப் போலப் படிந்திருந்தது. அதைத் தூரிகையால் துடைத்துவிட்டுப் சுற்றும் தட்டு அடங்கிய பழைய வட்டை உருவி எடுத்தாள். உள்ளங்கை அகலம்; கையில் கனமாக இருந்தது. புதியதோ காலித் தீப்பெட்டியைப் போல எடையில்லாமல் இருந்தது. இரண்டையும் தன் கணினியோடு இணைத்த பிறகு, பழையதன்மேல் ஒரு சிவப்புத் தாளை ஒட்டினாள். பிரதியெடுக்கும் பொத்தானை அழுத்துவதற்கு முன்பு, சிவப்புத் தாளின்மேல் விரலை வைத்து "இங்கேயிருந்து" என்றாள்; புதியதன்மேல் விரலை வைத்து "இங்க" என்றாள். பிறகுதான் அழுத்தினாள்.

ரிப்போர்ட் அக்கா வியப்போடு பார்ப்பதைக் கண்டு அவளே விளக்கினாள். கடை தொடங்கிய புதிதில், ஒரு புகைப்படக்காரரின் வட்டைப் பிரதியெடுக்கும்போது திசை மாறிவிட்டது. காலியாக இருந்ததை நிறைந்திருந்ததன்மேல் எழுதிவிட்டாள். நான்கு மாதப் படங்கள் கண்ணெதிரே ஒன்றுமில்லாமல் போயின. "தெரியாம செய்யலக்கா. ரொம்ப நல்லாத் தெரியும்னு நெனச்சுத்தான் செஞ்சேன். அதுக்கப்புறம் தொடாம எதையும் அழுத்துறதில்ல."

பிரதியெடுப்பு எழுபத்தொரு விழுக்காட்டில் வந்து ஒரு மணி நேரம் அசையாமல் நின்றது. பழைய வட்டில் அந்த இடம் தேய்ந்திருக்கிறது; திரும்பத் திரும்பப் படித்துப் பார்க்கிறது; அவசரப்படக் கூடாது என்று பூதக்கண்ணாடி சொல்லிவிட்டு வேறு வேலையைப் பார்த்தாள். ரிப்போர்ட் அக்கா முக்காலியைவிட்டு எழவில்லை. பிற்பகல் மூன்றரைக்கு நூறு வந்தது. பொத்தானை அழுத்தியதும், அவர் மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்துகொள்வதற்குள் திரை தயாராகி நின்றது. மூன்றெழுத்தைத் தட்டினார். முழு வாக்கியம் வந்தது. "எதுக்கும் மூணு மாசம் பத்திரமா வெச்சிருங்க" என்று பழைய வட்டை ஓர் உறையிலிட்டுத் தந்தாள் பூதக்கண்ணாடி.

அடுத்த மூன்று நாள்கள் திருநாளாகக் கழிந்தன. அனுப்பு என்று அழுத்தினால் கண்ணிமைக்கும் நேரத்தில் அறிக்கை போய்ச் சேர்ந்தது. ஒன்று முடிந்ததும் கால் தானாக மிதிக்குப் போனது. சராசரி பதினெட்டு நிமிடங்கள். வரவேற்புப் பெண், அறிக்கையை வாங்க ஆள் வருவதற்கு முன்பே அறிக்கை வந்துவிடுகிறது என்று புகார் செய்வதைப் போலப் பாராட்டினாள். மாஸ்டர் வீட்டில் தமக்கே சான்றிதழ் வழங்கிக்கொண்டார்.

நான்காம் நாள் காலையில் சுவருக்கு வண்ணம் பூசும் தொழிலாளி ஒருவர் கையில் உறையோடு வரவேற்பில் வந்து நின்றார். முந்திய நாள் தோளைப் படமெடுத்துக்கொண்டவர். கோபமில்லாமல், ஒரு சந்தேகம் கேட்பவரைப் போலக் கேட்டார்.

"எனக்கு வலி இந்தத் தோள்லம்மா. காகிதத்துல அந்தத் தோள்னு போட்டிருக்கு. அடுத்து அதுவும் வலிக்கும்னு முன்கூட்டியே சொல்றீங்களா?"

உறை உள்ளே வந்தது. ரிப்போர்ட் அக்கா சீட்டை எடுத்தார். வலது தோள். அறிக்கையை எடுத்தார். இடது தோள். ஒலிப்பதிவை ஓடவிட்டார். டாக்டர் தெளிவாக, ஐயத்திற்கு இடமில்லாமல் "இடது தோள்" என்று சொல்லியிருந்தார். அவர் சொன்னதைச் சொன்னபடியே அந்தப் பத்து விரல்களும் அடித்திருந்தன. குற்றம் விரல்களுடையதன்று. மணிக்கட்டுத் தழும்பைப் பார்த்தார். இந்த மூன்று நாள்களில் அதை ஒரு முறைகூடத் தொடவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. தொடுவதற்கு நேரமே இருக்கவில்லை. வட்டம் சுற்றவில்லை; சீட்டு மேசையைவிட்டு எழவில்லை.

கதவைத் தட்டினார். டாக்டர் படத்தை மீண்டும் பார்த்தார். படத்தின் மூலையில் வலப்பக்கத்திற்கான குறி பளிச்சென்று இருந்தது. அவர் முகம் சுருங்கியது. திருத்தம் சொன்னார். வண்ணம் பூசுபவர் தம் மருத்துவரிடம் இன்னும் அறிக்கையைக் காட்டவில்லை என்பதால் தீங்கு ஏதும் நேரவில்லை. சரியான தாளை வாங்கிக்கொண்டு, வலது கையைத் தூக்க முடியாமல் இடது கையால் வணக்கம் சொல்லிவிட்டுப் போனார்.

வெளியில் போன அறிக்கையைத் திருத்தினால் அதைத் திருத்தப் பதிவேட்டில் எழுத வேண்டும் என்பது நிலையத்தின் விதி. மாதக் கடைசியில் உரிமையாளர் படிப்பது அதைத்தான். வரவேற்புப் பெண் தாழ்ந்த குரலில், "அவரே சிரிச்சுக்கிட்டுப் போயிட்டாரு. எழுதாம விட்டா யாருக்குத் தெரியப் போகுது? இந்த மாசம் போய் எழுதணுமாக்கா?" என்றாள். அவள் அக்கறையோடுதான் சொன்னாள். ரிப்போர்ட் அக்கா அவள் கன்னத்தைத் தட்டிவிட்டுப் பதிவேட்டைத் திறந்து, நாள், எண், தவறு, திருத்தம் என்று நான்கு கட்டங்களையும் கோணாத எழுத்தில் நிரப்பினார். பிறகு, அந்த மூன்று நாள்களில் அனுப்பிய நூற்று முப்பத்தைந்து அறிக்கைகளையும் சீட்டுகளோடு ஒவ்வொன்றாக ஒப்பிட்டார். இரண்டு நாள் உணவு இடைவேளைகள் அதில் கழிந்தன. வேறெதிலும் தவறில்லை. அதன் பிறகுதான் அவருக்குச் சோறு இறங்கியது.

ஆனால், நாளை என்ன செய்வது? கவனமாக இருக்க வேண்டும் என்று உறுதி எடுத்துக்கொள்வது எளிது. உறுதி எடுத்த அன்றைக்கே இரண்டு அறிக்கைகளைச் சீட்டைத் தொடாமல் அனுப்பிவிட்டதைக் கண்டார். விரலுக்கு வேகம் பிடித்துவிட்டது. மறுநாள் மாலை, பழைய வட்டை உறையோடு எடுத்துக்கொண்டு பூதக்கண்ணாடியின் கடைக்குப் போனார். இதையே திரும்பப் போட்டுவிட முடியுமா என்று கேட்டார்.

பூதக்கண்ணாடி நெற்றி விளக்கை அணைத்துவிட்டு அவரைப் பார்த்தாள். "பத்து வருஷமா கடை வெச்சிருக்கேன். மெதுவாக்கிக் குடுங்கன்னு வந்த முதல் ஆள் நீங்கதாங்க்கா."

காரணத்தைக் கேட்டதும் அவள் சிரிக்கவில்லை. மேசையில் கிடந்த சிவப்புத் தாள் சுருளை ஒரு முறை பார்த்துக்கொண்டாள். எல்லாவற்றையும் மெதுவாக்க வேண்டியதில்லை, ஓர் இடத்தில் மட்டும் நிறுத்தினால் போதும் என்றாள். அனுப்பும் மின்னஞ்சலில் ஓர் ஏற்பாட்டைச் செய்தாள். அனுப்பு என்று அழுத்தினாலும் அறிக்கை ஒரு நிமிடம் வெளியேறாமல் தங்கும். அதற்குள் வேண்டுமானால் தடுத்துவிடலாம்.

"ஒரு நிமிஷம் போதுமா? அரை நிமிஷம் வெக்கட்டுமா?"

ரிப்போர்ட் அக்கா மனத்துக்குள் கணக்குப் போட்டார். நாளொன்றுக்கு நாற்பத்தைந்து அறிக்கைகள். ஒவ்வொன்றுக்கும் ஒரு நிமிடம் போனால், பின்னால் வரிசையில் நிற்பவையெல்லாம் தள்ளிப் போகும். அரை மணி நேரத்துக்குள் அடங்குமா என்பது அவருக்கே தெரியவில்லை. தழும்பைத் தொட்டுக்கொண்டார்.

"ஒரு நிமிஷமே இருக்கட்டும்."

மாதம் மெல்ல நகர்ந்தது. சாதாரண நாள்களில் சராசரி இருபத்தாறானது, கூட்டம் மிகுந்த திங்கட்கிழமைகளில் முப்பதைத் தாண்டியது. அவர் அந்த ஒரு நிமிடத்தை விட்டுக்கொடுக்கவில்லை. இரண்டு முறை இருட்டறைக் கதவைத் தட்டினார். இரண்டு முறையும் டாக்டர் தலையசைத்தார்.

கடைசி நாளன்று உரிமையாளர் தம் அறைக்கு அழைத்தார். டாக்டரும் அங்கே அமர்ந்திருந்தார். அது வழக்கமில்லாத ஒன்று. சராசரி இருபத்தெட்டு என்பதில் உரிமையாளருக்கு மகிழ்ச்சிதான். ஆனால், திருத்தப் பதிவேடு மேசைமேல் விரிந்து கிடந்தது. வெளி நிறுவனம் மாதிரிக்குச் செய்து தந்த ஐம்பது அறிக்கைகளில் ஒரு திருத்தம்கூட இல்லை என்றார். அவர் பேசி முடிக்கும்வரை காத்திருந்து, ரிப்போர்ட் அக்கா நடந்ததை நடந்தபடியே சொன்னார். வேகம் வந்ததும் தாம் பார்க்க மறந்ததையும், இப்போது ஒவ்வோர் அறிக்கையையும் தாமே ஒரு நிமிடம் நிறுத்தி வைப்பதையும் மறைக்கவில்லை. அந்த நிமிடத்தை எடுத்துவிட்டால் இன்னும் விரைவாகக் கொடுக்கலாம். தம்மால் எடுக்க இயலாது என்றார்.

டாக்டர் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"அந்த ஐம்பதும் நான் சொன்னபடியே அடிச்சது. நான் சரியா சொன்னா சரியா வரும். தப்பா சொன்னா தப்பாவே வரும். அதுக்கு யாரும் திருத்தம் போட மாட்டாங்க, ஏன்னா யாரும் பார்க்க மாட்டாங்க."

சட்டைப் பையிலிருந்து ஒரு சிறிய நாட்குறிப்பை எடுத்து மேசைமேல் வைத்தார். சில பக்கங்களின் ஓரத்தில் பேனாவால் வைத்த புள்ளிகள் இருந்தன.

"இவங்க கதவத் தட்டின ஒவ்வொரு தடவையும் ஒரு புள்ளி. இந்த வருஷத்துது மட்டும்தான் இது. இதே மாதிரி இன்னும் பதினொண்ணு வீட்ல இருக்கு. சொல்ல வெட்கமா இருந்துச்சு, சொல்லல."

உரிமையாளர் புள்ளிகளை எண்ணத் தொடங்கிப் பாதியில் நிறுத்திக்கொண்டார். நாட்குறிப்பை மூடி டாக்டரிடமே நகர்த்தினார். பிறகு ரிப்போர்ட் அக்காவைப் பார்த்தார். பென்சில் கேட்க வந்த சிறுவனின் முகம் ஒரு கணம் வந்து போனது.

"வெளியில குடுக்குற பேச்சு இப்போதைக்கு இல்லக்கா."

இப்போதைக்கு என்ற சொல்லை ரிப்போர்ட் அக்கா கவனிக்காமல் இல்லை. இருந்தாலும், அறைக்குத் திரும்பியபோது கால்கள் இலேசாக இருந்தன. மேசையில் சீட்டுகள் பறக்காமல் இருக்க அவற்றின்மேல் வைத்திருந்த பழைய வட்டை நகர்த்தி, முதல் சீட்டை எடுத்தார். ஹெட்போனை மாட்டிக்கொண்டு மிதியை அழுத்தினார்.

டாக்டரின் குரல் வருவதற்கு முன்பு, உள்ளங்கையால் எதையோ மெல்லத் தட்டியதைப் போன்ற ஒரு சிறு ஓசை கேட்டது. அதன் பிறகுதான், "வலது முழங்கால்" என்று அவர் தொடங்கினார். ரிப்போர்ட் அக்கா காலை எடுத்தார். பின்னோக்கி ஓட்டி அந்த ஓசையை மறுபடியும் கேட்டார். பிறகு சீட்டைப் பார்த்துத் தம் முழங்காலையும் தொட்டுக்கொண்டு, மிதியை அழுத்தினார்.